ஷைஸ்தா பெயர் ஒட்டிய டப்பா

1

இந்தக் கதை எனக்கு ஒரு சளி டப்பாவிலிருந்து கிடைத்தது. முகம் சுளிக்காதீர்கள், நிலாவிலிருந்து கிடைத்ததாகச் சொன்னவர்களை எத்தனை காலம் பொறுத்திருக்கிறீர்கள்!

தொடக்கம்: தாராவியின் இருண்ட சந்துகளில் வறுமை தலைவிரித்தா...

(நிறுத்தினேன். தாராவி என்றதும் இப்படி எழுத வருகிற வியாதிக்கு இன்னும் பரிசோதனை வரவில்லை.)

2

மறுபடியும். தாராவியில் ஒரு பரிசோதனைக்கூடம். அங்கே மைக்ராஸ்கோப்பில் காசநோய்க் கிருமி தேடுகிறவள் ரெபேக்கா. மகள் ஷைஸ்தாவின் சளி என்று பேகம் ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஷைஸ்தாவுக்கு மூன்று வாரமாக இருமல். அடுத்த மாதம் கல்யாணம். தேவ்நாரில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டார் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் பத்திரிகை அடிப்பார்களாம்.

ரெபேக்கா சாயம் ஏற்றிப் பார்த்தாள். நீலத் தரையில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள், ஏராளம். ஷைஸ்தா பெயருக்கு நேரே ‘கிருமி உண்டு’ என்று எழுதினாள்.

3

மறுநாள் தாயும் மகளும் வந்தார்கள். (இந்த இடத்தில் பேகத்தை அழவைப்பதாக இருந்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை.)

“எக்கா, ஷைஸ்தாவுக்கு டிபி இருக்கு. டென்ஷன் ஆவாதீங்க, மருந்து...”

“அது எப்பிடி தங்கச்சி இருக்கும்? சளி என்னுதுல்லா!”

“உங்களுதா?”

“இவளுக்கு ஏதாச்சும் வந்துட்டா கல்யாண ரிஷ்தா போயிருமேன்னு நாந்தான் துப்பிக் குடுத்தேன். எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்...” பேகம் நிறுத்தினாள். “அப்ப எனக்குத்தானா? அல்ஹம்துலில்லாஹ்!”

தனக்குக் காசநோய் என்றதும் இறைவனுக்கு நன்றி சொன்ன ஒருத்தியை ரெபேக்கா பதினோரு வருஷத்தில் பார்த்ததில்லை. திட்டத்தான் வாயைத் திறந்தாள், கண் நிறைந்துவிட்டது.

ஷைஸ்தா இருமினாள். “மேடம், காலி டப்பா ஒண்ணு குடுங்க. இந்தத் தடவ நானே துப்புதேன்.”

4

முடிவு அ: மகளுக்கு ஒன்றுமில்லை, கல்யாணப் பிரியாணி.

முடிவு ஆ: இருவருக்கும் மாத்திரை. மாப்பிள்ளை வீட்டார்...

(எழுதவில்லை.)*

* கிருமி இருக்கிறது என்று எழுத நாலு குச்சி கண்ணில் பட்டால் போதும். இல்லை என்று எழுத ஸ்லைடில் நூறு இடம் பார்க்க வேண்டும். ரெபேக்காவின் தொழில் விதி இது; கதாசிரியர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது.

ஆகவே பிரியாணி கேட்கிற வாசகர்களே, வாருங்கள். ஷைஸ்தா தானே துப்பிய சளியின் ஸ்லைடில் அறுபத்திரண்டு இடம் பார்த்தாயிற்று, இதுவரை ஒன்றுமில்லை. வெளியே பெஞ்சில் பேகம் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், மகளைவிட்டு இரண்டு ஆள் தள்ளி. மீதி முப்பத்தெட்டை நீங்கள் பாருங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.