தூணருகில் நின்ற சமாதானம்

ஷாபோ ஸ்வீடனிலிருந்து திரும்பியபோது இரண்டு பெட்டி நிறையப் புத்தகமும் புதிதாக ஒரு தொண்டைச் செருமலும் கொண்டுவந்தார். அவர் செருமினால் ஊருக்குத் தெரியும், முதல் நூற்றாண்டு வரப்போகிறது.

"ஆதித் திருச்சபையில இப்படியா கும்பிட்டாங்க?" என்று ஆரம்பிப்பார். துருக்கியின் துர் அப்தீன் குன்றுகளில், பாட்டன் முப்பாட்டன் நின்ற அதே கல் கோவிலில், அதே சிரியாக் மொழிப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தவர்கள், ஏதோ நேற்று மதம் மாறியவர்கள்போலத் தலைகுனிந்து கேட்பார்கள்.

பூசையில் யல்தோ சாமியார் பீடத்தைத் தொட்டுக் கொடுக்கும் சமாதானம் கைமாறிக் கைமாறிக் கடைசி ஆள்வரை போகும். ஒருவர் கூப்பிய கையை அடுத்தவர் பொத்தி வாங்கி, முகத்தில் ஒற்றிக்கொண்டு, தன் கையைக் கூப்பி நீட்டுவார். பூசையில் சாமியாருக்குத் துணைநிற்கும் தியாக்கோன் ஷாபோ அதில் ஒரு பழைய சட்டத்தைத் தூசிதட்டிச் சேர்த்தார். மனஸ்தாபம் இருக்கிற இடத்தில் சமாதானம் நின்றுவிட வேண்டும். அவர்கள் ராசியாகும்வரை அப்பத்தை மூடிய துணியைச் சாமியார் எடுக்கக் கூடாது.

"அப்போ நம்ம ஊர்ல ஒரு பூசை முடிய ஈஸ்டர் ஆயிரும்" என்றார் எப்போதும் பின்வரிசையில் நிற்கும் கல்லோ.

சட்டம் வந்த முதல் ஞாயிறே, ஷாபோவின் அண்ணன் லஹ்தோ வந்து பின்பக்கத் தூணருகில் கைகூப்பி நின்றார். திராட்சைத் தோட்டத்து எல்லைக்கல் தகராறில் இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை. ஷாபோ பார்த்தார். பார்த்துவிட்டு, சமாதானம் தூண்வரை போகாதபடி வலப்பக்கம் அனுப்பி, பெண்கள் வரிசையோடு முடித்துவைத்தார். அதற்கும் ஏதோ ஒரு நூற்றாண்டைச் சாட்சிக்கு இழுத்தார். லஹ்தோ பூசை முடிந்து எல்லாரும் போகும்வரை கூப்பிய கையை இறக்கவில்லை. பனிக்காலத்தில் செத்துப்போனார்.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு. சமாதானம் வழக்கம்போலக் கிளம்பித் தூணருகில் கல்லோவிடம் போய் நின்றது.

"என்ன கல்லோ, தூங்கிட்டியா?" என்றார் ஷாபோ பீடத்தடியிலிருந்து.

"கையை விடமாட்டேங்குதுண்ணே."

"யாரு?"

கல்லோவுக்கு அந்தப் பக்கம் தூண் மட்டும்தான் இருந்தது. சிலர் சிரித்தார்கள். கல்லோவின் மருமகன் மாமனாரின் தோளைப் பிடித்து இழுத்தான். உடம்பு வந்தது, கை வரவில்லை. விரல் நுனிகள் வெளிறிக்கொண்டிருந்தன. சிரிப்பு நின்றது. மெழுகுவர்த்திச் சுடர்கள், காற்றே இல்லாமல், தூண் பக்கமாகச் சாய்ந்தன.

பெண்கள் பக்கமிருந்து லஹ்தோவின் மனைவி பெஸ்னேயின் குரல் வந்தது. "உங்கண்ணன் காத்துக்கிட்டு இருக்காரு, கொழுந்தனாரே. நீங்க போட்ட சட்டந்தானே?"

"இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஷாபோ சாமியாரைப் பார்த்தார்.

"இருக்கட்டும்பா. நான் துணியை எடுக்கமாட்டேன். போய்ட்டு வா."

ஷாபோ செருமினார். எந்த நூற்றாண்டும் வரவில்லை. இறங்கி நடந்தார். தூணை நெருங்கி வெற்றிடத்தில் கையைக் கூப்பி நீட்டியதும் கல்லோவின் கை விடுபட்டது. ஷாபோவின் கையைப் பனி பொத்தியது. அந்தப் பனிக்குள் ஒரு கோணல் கட்டைவிரல் இருந்தது. கொடி நறுக்கும் கத்தியால் லஹ்தோ சின்ன வயதில் வெட்டிக்கொண்ட விரல்.

"சமாதானம்" என்றார் ஷாபோ, பீடத்துக் குரலில்.

பிடி இறுகியது. எலும்பு நெரிந்தது.

"சொல்றேண்ணே, சொல்லிடறேன்... எல்லைக்கல்லை நகர்த்தினது நாந்தான். அப்பா செத்த வருஷம். உன் மேல பழியைப் போட்டேன். அன்னைக்கு நீ நின்னதையும் பார்த்தேன்."

ஊரே கேட்டது. பிடி தளர்ந்தது. பீடத்தில் துணி விலகியது.

மறுநாளே கல் பழைய இடத்துக்குப் போனது. அடுத்த ஞாயிறு ஷாபோ பீடத்தடியில் நிற்கவில்லை, கடைசி ஆளாகத் தூணருகில் நின்றார். கல்லோவின் சூடான கையிலிருந்து சமாதானத்தை வாங்கி, திரும்பி, தூண் பக்கம் நீட்டினார்.

யாரும் வாங்கவில்லை.

பூசை முடிந்து கோவில் காலியானது. கல்லோ வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"அண்ணே, எல்லாரும் சாப்பிடப் போயாச்சு. கையை இறக்குங்க."

"நீ போடா. அன்னைக்கு அவரும் இவ்வளவு நேரம் நின்னாரு."