நாற்பத்து மூன்று ஜோடி

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டில் நாங்கள் கொடுத்த புராஜெக்ட் அறிக்கையின் பதினொன்றாம் பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. அதன் நான்காவது வரி இது: ‘உரிமை கோரப்படாத காலணிகள், 43 ஜோடி, அகற்றப்பட்டன.’ அந்த அறிக்கைக்குத்தான் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் கிடைத்தது. அந்த வரியை எழுதியவள் நான்.

வேங்கிக்காலில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பதவி உயர்வுக்குப் பட்டம் கேட்டார்கள், சனி ஞாயிறு வகுப்பில் சேர்ந்தேன். அவ்வப்போது சிறுகதை எழுதுவேன். இரண்டு மூன்று சிற்றிதழ்களில் வந்திருக்கின்றன. அதனால் எதை வைப்பது, எதை வெட்டுவது என்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பு கொஞ்சம் உண்டு. இந்த ஒரு கதையில் அந்த நினைப்பு எனக்கு உதவவில்லை.

2

தொடக்கங்கள்.

‘பௌர்ணமி நிலவு அண்ணாமலையின் உச்சியில்’ அடித்துவிட்டேன். இந்த ஊரிலேயே இருந்துகொண்டு நிலவை வைத்துக் கதை தொடங்குகிறவர்கள்மேல் எனக்கு எரிச்சல் வரும்.

‘வெறுங்காலோடு நடப்பதற்கும் மனிதன் தன் அகந்தையைக் கழற்றி வைப்பதற்கும்’ இது கட்டுரை. அதிலும் மோசமான கட்டுரை.

‘ஃபைஸ்தான் அந்தச் சிவப்பு அட்டைகளைக் கட்டினான்.’ இந்தத் தொடக்கம் நன்றாக ஓடியது. நான்கு பக்கம் ஒரே மூச்சில் வந்தது. ஆனால் அது பொய். ஏன் அந்தப் பொய்யை எழுதினேன் என்று ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.

3

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் திருமலை சார். பாடத்தின் பெயர் பிராசஸ் இம்ப்ரூவ்மெண்ட். ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்ப்பது, நேரத்தை அளப்பது, வீணாகப் போவதைக் கண்டுபிடித்து எடுத்துவிடுவது. அவ்வளவுதான் பாடம். விரயம் ஏழு வகை என்று பலகையில் எழுதிப் போட்டார். அதில் ஒன்று காத்திருத்தல். நான் அதன் அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். தேவையா இல்லையா என்று சந்தேகம் இருக்கும் பொருளில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிட வேண்டும். பதினைந்து நாளுக்குள் ‘இது எனக்கு வேண்டும்’ என்று யாரும் கேட்காவிட்டால், அகற்றிவிட வேண்டும்.

[இதில் தவறு எதுவும் இல்லை. சார்மேல் பழி போட்டும் ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. நல்ல முறைதான், கட்டுவதற்கு முன்னால் அங்கே இருப்பவர்களிடம் வாயைத் திறந்து கேளுங்கள் என்றும் அவர் சொல்லியிருந்தார்.]

புராஜெக்ட்டுக்கு இடம் பிடித்தது என் கூட்டாளி ஃபைஸ். என்னைவிட ஏழு வயது இளையவன். அவன் வீட்டில் மூன்று தலைமுறையாகச் செருப்புக் கடை. கிரிவலப் பாதையில் ஒரு வியாபாரிகள் குழு இலவசமாகக் காலணிகளைப் பாதுகாத்துத் தருகிறது. பௌர்ணமியன்று வருகிறவர்கள் அங்கே செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்வார்கள். பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலில் சுற்றி வந்து, டோக்கனைக் கொடுத்துச் செருப்பைத் திரும்பப் பெறுவார்கள். அந்தத் திரும்பப் பெறுதலுக்கு ஒரு ஆளுக்குச் சராசரியாக நான்கு நிமிடம் பத்து விநாடி ஆகிக்கொண்டிருந்தது.

“எங்க கடையில பொட்டி எடுக்கிற மாதிரிதான்க்கா. ரேக்குக்கு நம்பர் போட்டு, அடைச்சிகினு இருக்கிற பழசத் தூக்கிட்டா, பாதி நேரம் கம்மியாயிடும்” என்றான் ஃபைஸ். அவன் சொன்னது சரியாகவே இருந்தது.

அந்த இடத்தைப் பதினொரு வருடமாகப் பார்த்துக்கொள்பவர் ஜோதியம்மாள். குள்ளமான உருவம். பேசிக்கொண்டே கை வேலை செய்யும்.

4

என் முதல் இரண்டு வரைவுகளில் பச்சையம்மாள் கிடையாது. கதையை நகர்த்தாத பாத்திரம் என்று எடுத்துவிட்டேன். எங்கள் கவனிப்புத் தாளிலும் அவளைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: ‘நடுவயதுப் பெண், டோக்கன் இல்லை, பணியாளரிடம் பேச்சு, 6 நிமிடம், விரயம்.’ கையெழுத்து என்னுடையது.

அந்த ஆறு நிமிடத்தில் என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதை இங்கேயே வைக்கிறேன். வரிசை மாறினாலும் நீங்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் மேலே போக வேண்டும்.

பச்சையம்மாளுக்குக் கலசபாக்கம் பக்கம் ஒரு கிராமம். ஒரே மகன், சக்திவேல். ஒரகடத்தில் தொழிற்சாலையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். அதைப் பற்றி வீட்டில் ரெண்டு வார்த்தை ஆனது. சொன்னவள் பச்சையம்மாள்தான். அந்த வாரம் சித்திரைப் பௌர்ணமி. நண்பன் ஒருவனோடு கிரிவலம் வந்தவன் ஜோதியம்மாளிடம் செருப்பைக் கொடுத்துவிட்டு நடந்தான். அடி அண்ணாமலை தாண்டியதும், நீ முன்னால போ, வர்றேன் என்றானாம். வரவில்லை. இரண்டு வருடம் ஆகிறது.

போலீசில் புகார் கொடுத்தார்கள். பாதை நெடுகப் படம் போட்ட நோட்டீஸ் ஒட்டினாள். பிறகு ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஜோதியம்மாளிடம் வருவாள். மேல் தட்டின் மூலையிலிருந்து ஜோதியம்மாள் அந்தச் செருப்பை எடுத்துக் கொடுப்பார். பழுப்பு வார், இடது குதிகால் மட்டும் தேய்ந்திருக்கும். பச்சையம்மாள் முந்தானையால் தூசு தட்டித் திருப்பிக் கொடுப்பாள்.

“இன்னும் எடுக்கல இல்ல? அப்ப இங்கதான் எங்கனா சுத்திகினு இருக்கான்.”

“வூட்டுக்கு எடுத்துகினு போயேன் பச்சையம்மா” என்று ஒருமுறை ஜோதியம்மாள் சொன்னாராம்.

“அவன் வந்து கேட்டான்னா?”

அதற்குப் பிறகு ஜோதியம்மாள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

5

சிவப்பு அட்டைகளைக் கட்டியவள் நான். நாற்பத்து மூன்று ஜோடிக்கும் ஒரே மதியத்தில், வரிசையாக. ‘பதினைந்து நாளில் அகற்றப்படும்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். அறிக்கையில் புகைப்படம் போட வேண்டும், அறிக்கை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஜோதியம்மாளுக்குத் தமிழ்தான் படிக்க வரும் என்று எனக்குத் தெரியும்.

ஃபைஸ் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. ஆனாலும் மூன்றாவது வரைவில் அட்டையை அவன் கையில் கொடுத்தேன். ஒரு கோயில் ஊரில், பக்தர்களின் செருப்பை எடுத்துப் போட்டவன் ஃபைஸ் என்று எழுதினால், சில வாசகர்கள் மேற்கொண்டு காரணம் கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

பதினாறாம் நாள் ஜோதியம்மாள் உறவில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். பழைய சாமான் எடுக்கிறவரின் வண்டி வந்தது. யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை. ஆகவே யாருக்கும் எதுவும் வேண்டாம் என்று நான் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் வந்த ஜோதியம்மாள் மேல் தட்டைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

“அந்த மூலையில ஒரு ஜோடி இருந்ததேம்மா?”

“அதுல அட்டை கட்டியிருந்தோமே, நீங்க ஒண்ணும் சொல்லலையே?”

“நீங்க செவப்பு அட்டை கட்டுனதப் பாத்துட்டு, இத ரொம்ப பத்திரமா வைக்கணும்னு சொல்றீங்கன்னு நெனச்சுகினேன். ஆஸ்பத்திரியில சீரியஸா இருக்கிறவங்களுக்கு அட்டை மாட்றாங்களே, அந்த மாதிரி. அதனாலதான் நான் கைகூட வைக்கல.”

அது யாருடைய செருப்பு என்று அவர் சொன்னதும், ஃபைஸும் நானும் அவன் வண்டியில் அந்தப் பழைய சாமான் கிடங்குக்கு ஓடினோம். நேற்றே லோடு போய்விட்டது என்றார்கள்.

வகுப்பில் ‘ஐந்து ஏன்’ என்று ஒரு பயிற்சி உண்டு. ஒரு பிழை நடந்தால் ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டால் வேர் தெரியும். செய்து பார்த்தேன். ஏன் செருப்பு போயிற்று? அகற்றினோம். ஏன்? யாரும் தடுக்கவில்லை. ஏன்? அட்டை புரியவில்லை. ஏன்? புரியாத மொழியில் எழுதினேன். ஏன்? படிக்க வேண்டியவர் ஜோதியம்மாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மதிப்பெண் போடுகிறவர்தான் கண்ணுக்குத் தெரிந்தார்.

6

அடுத்த பௌர்ணமி. மாலை ஐந்து மணி. திருத்தத்துக்குப் பிந்தைய நேரத்தை அளக்கச் செல்போனோடு நின்றிருந்தேன். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம் இருபது விநாடி. தட்டுகளுக்கு மஞ்சள் பெயின்ட், எண்கள், தரையில் கோடு. வியாபாரிகள் குழுவில் ஒருவர் எனக்கு மோர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பச்சையம்மாள் வந்தாள். மேல் தட்டின் மூலையைப் பார்த்தாள். அது காலியாக, துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவள் முகத்தில் நடந்ததை நான் எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். முகம் மலர்ந்தது — இல்லை. கண்கள் — இல்லை. அவள் சிரித்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“எடுத்துகினு போயிட்டானா?”

ஜோதியம்மாள் என்னைப் பார்த்தார். ஃபைஸும் பார்த்தான்.

[ஒரு வரைவில் இந்த இடத்தில் ஜோதியம்மாளைப் பொய் சொல்லவைத்தேன். இன்னொன்றில் எல்லோரும் மௌனமாக இருந்தோம், மௌனத்தை அவளே தப்பாகப் புரிந்துகொண்டாள். இரண்டும் கதைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தன. நடந்தது வேறு.]

“ஆமாம்மா” என்றேன்.

“நீ பாத்தியா கண்ணு?”

“பாத்தேன்.”

“எளச்சுட்டானா?”

“இல்லம்மா. நல்லாத்தான் இருந்தாரு.”

அவள் என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அவள் மலை சுற்றவில்லை. மகன் வீட்டுக்குப் போயிருந்தாலும் போயிருப்பான் என்று அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

அவள் போனதும் ஃபைஸ் சொன்னான்: “அக்கா, பின்னாலயே போயி சொல்லிடலாம்க்கா. இன்னும் பஸ் ஏறியிருக்க மாட்டாங்க.”

“ரிசல்ட் வரட்டும் ஃபைஸ்” என்றேன்.

7

ரிசல்ட் வந்து மூன்று மாதம் ஆகிறது.

பச்சையம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்கிறாள். “மறுபடி அந்தப் பக்கம் வந்தானா கண்ணு?” இல்லை என்பேன். அந்த ஒரு பதில் மட்டும் உண்மை. போன மாதம் சொன்னாள்: “நோட்டீஸ் எல்லாத்தையும் நானே கிழிச்சுட்டேன். தன் மூஞ்சி செவுத்துல இருக்கிறதப் பாத்தா புள்ளைக்கு மானக்கேடா இருக்குமில்ல? அதான் வூட்டுக்கு வரல.”

கிரிவலப் பாதையில் போய்ப் பார்த்தேன். மின்கம்பங்களில் பசை காய்ந்த தடம் மட்டும் இருந்தது. பதினான்கு கிலோமீட்டரும் நடந்து கிழித்திருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை இன்னொன்று சொன்னாள். ஸ்டேஷனுக்குப் போய், மகனைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், இனிமேல் தேட வேண்டாம் என்றிருக்கிறாள். தேடினால் பயந்து இன்னும் தூரமாகப் போய்விடுவான் என்று அவளுக்குப் பயம். பார்த்தவர்கள் நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் வழக்கை முடித்துவிடலாம் என்று ஏட்டு சொல்லியிருக்கிறார்.

“ஒரே ஒரு கையெழுத்துதான் கண்ணு. வந்துடு.”

8

முடிவுகள்.

அ. நான் உண்மையைச் சொல்கிறேன். அவள் என்னை அடிக்கிறாள், அழுகிறாள், மறுபடியும் நோட்டீஸ் ஒட்டுகிறோம், ஃபைஸ் பசை வாளியைப் பிடித்துக்கொள்கிறான். எனக்கு ஆறுதலான முடிவு. ஆறுதல் எனக்குத்தான் என்பதால் நம்பிக்கை வரவில்லை. மகன் வந்துபோனான் என்று இத்தனை மாதமாக நம்பியிருந்தவளிடம் அதைத் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகு அவள் எப்படி இருப்பாள் என்று என்னால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

ஆ. கையெழுத்துப் போடுகிறேன். அவள் வீட்டில் சோறு வடித்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாள். சக்திவேலை இந்த உலகத்தில் தேடுகிறவர்கள் ஒருவர்கூட இல்லை. அவன் எங்காவது உடம்பு முடியாமல் கிடந்து, யாராவது பேர் ஊர் விசாரித்தால்

இதை முடிக்க முடியவில்லை. அப்படியே விடுகிறேன்.

இ. கடைசிப் பக்கத்தில் சக்திவேல் வந்துவிடுகிறான். இதை எழுத எனக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். எழுதினால் நான் அவளிடம் சொன்ன பொய்யையே உங்களிடமும் சொன்னதாகும்.

9

ஆகவே நடந்தவரைக்கும் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை, ஸ்டேஷன். பெஞ்சில் பச்சையம்மாளும் நானும் பக்கத்தில் பக்கத்தில். புதுப் புடவை கட்டி வந்திருக்கிறாள். எனக்குச் சாப்பிட அதிரசம் கொண்டுவந்திருக்கிறாள். ஒன்றைப் பிட்டு என் கையில் வைத்துவிட்டாள். ஏட்டு ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் கொடுத்து, பார்த்த தேதி, நேரம், ஆள் எப்படி இருந்தார், என்ன உடுத்தியிருந்தார், எல்லாம் விவரமா எழுதுங்க மேடம் என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறார்.

தேதியை எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

இந்த இடத்தில் நான் பெஞ்சைவிட்டு எழுந்துகொள்கிறேன். கோழைத்தனம் என்று நீங்கள் சொல்லலாம், சொல்லுங்கள். ஆனால் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். அவளுக்குத் தெரியாதது எல்லாம் இப்போது உங்களுக்குத் தெரியும். என் இடத்தில் உட்காருங்கள். பேனாவை வாங்கிக்கொள்ளுங்கள்.

பச்சையம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாளை எட்டிப் பார்க்கிறாள். ஏட்டு சொன்னதை அவளும் கேட்டிருக்கிறாள். இத்தனை நாளும் இதைக் கேட்காமல் விட்டோமே என்பதுபோல உங்கள் பக்கம் திரும்பி, ஆசையோடு கேட்கிறாள்:

“என்ன சட்டை போட்டுகினு இருந்தான் கண்ணு?”