நீலக் கேட் வீட்டுக்காரி

வெள்ளம் வந்தால் நகராட்சியின் சமூக ஊடகப் பக்கத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் திட்டத்தான் வருவார்கள். மின்சாரம் போனால் திட்டு. வந்தால், ஏன் இவ்வளவு தாமதம் என்று திட்டு. இதற்கெல்லாம் பதில் எழுதும் வேலை போன வருடம் வரிப் பிரிவு எழுத்தர் அம்மாள் தலையில் விழுந்தது. விவரமானவர்கள் நழுவிவிட, முடியாது என்று சொல்லத் தெரியாதவள் மாட்டிக்கொண்டாள். பதிலுக்கு மேலே நகராட்சி என்று இருக்கும். எழுதுகிறவர் யாரென்று வெளியே தெரியாது.

இந்த வெள்ளத்தில் அவள் தெருவிலும் தண்ணீர் ஏறியதால் அலுவலகத்திலேயே வாசம். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"மில் பின்தெரு, நீலக் கேட் வீடு. ஒரு அம்மா தனியா இருக்காங்க. பத்திரமா இருக்காங்களான்னு பாத்துச் சொல்லுங்க."

நீலக் கேட் அவளுடையது. கேட்டவன் அவள் பெற்ற பிள்ளை. பிடித்தவளைக் கட்டிக்கொண்டு வந்து நின்றவனிடம், இனி இந்த வாசற்படி மிதிக்காதே என்றாள். அம்மா சொன்ன எதையும் கேட்காதவன் அதை மட்டும் அப்படியே கேட்டான். வெளிநாடு போனவன் ஒரு போன்கூடச் செய்யவில்லை. இப்போதும் அம்மாவிடம் கேட்க ரோஷம், அரசாங்கத்திடம் கேட்கிறான். அங்கே உட்கார்ந்திருப்பதே அம்மாதான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் எண் அவளிடமும் இருந்தது, அவளும் கூப்பிட்டதில்லை. தாயைப் போலப் பிள்ளை.

மற்றவர்களுக்கு மளமளவென்று பதில் எழுதினாள். அதை மட்டும் விட்டுவைத்தாள். சொல்லிவிட்டால் போய்விடுவானே.

மறுபடி கேட்டான். "அவங்களுக்கு முழங்கால் வலி. மாடி ஏற மாட்டாங்க. தயவுசெஞ்சு பாருங்க."

முழங்கால் வலியை மறக்கவில்லை பிள்ளை. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது. "சார், அவங்க எங்கம்மா."

பக்கத்து மேசையில் நகராட்சிப் பக்கத்துக்குப் படம் போடும் பெண் எட்டிப் பார்த்தாள். "அக்கா, இவருக்கு ஏன் பதில் போடல? பாவம், பதறுறாரு."

"விசாரிச்சிட்டுதானே போடணும்."

"அந்தத் தெருவுல உங்களுக்கு யாரையும் தெரியாதா?"

"அந்த வீட்டுக்காரியையே தெரியும். பிடிவாதக்காரி."

சொன்னதும் தன்மேலேயே வெறுப்பு வந்தது. பெற்ற பிள்ளையைத் தவிக்கவிட்டு வேடிக்கை பார்க்கிறாளே. அவசரமாக எழுதினாள்: "நேரில் பார்த்தோம். நலமாக இருக்கிறார். கவலை வேண்டாம்."

உடனே பதில் வந்தது. "ரொம்ப நன்றி சார். நான் கேட்டேன்னு அவங்ககிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டோம் என்று எழுதினாள். அதோடு அவன் போய்விட்டான்.

மறுநாள் வெயில் அடித்தது. திட்டியவர்கள்கூட அப்பாடா என்று எழுதினார்கள். மதியம் வானிலை அறிக்கை வந்தது. கடலில் இன்னொரு காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவாகலாமாம். போதும்டா சாமி என்று அலுவலகமே தலையில் கைவைத்தது. அவளும் வைத்துக்கொண்டாள். ஊருக்கு எச்சரிக்கை எழுதுகிறவள் நினைக்கக் கூடாததுதான். ஆனாலும், வரட்டுமே என்று அவள் மனம் ஏங்கியது.