இருநூற்றுப் பதினான்கில் பதினொன்று

அவளை ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் நத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். நத்தைகளை ஆராய்கிறாள் என்பது ஒரு காரணம். யாராவது சற்று உரக்கப் பேசினால் ஓட்டுக்குள் போய்விடுவாள் என்பது இன்னொன்று. அவளுக்கு அதில் வருத்தமில்லை. நத்தை கூச்சப்படும்தான், ஆனால் ஒட்டிக்கொண்ட இடத்திலிருந்து அதைப் பிய்த்தெடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் பிடி தெரியும்.

திங்கட்கிழமை காலை துறைத் தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஒன்பது பக்கத் தாள்கட்டு ஒன்று இருந்தது. முதல் பக்கத்தில் அவள் பெயர்.

“உட்காரும்மா. இருநூத்திப் பதினாலு கட்டுரை. இந்தக் கட்டடத்துலயே யாருக்கும் இவ்வளவு இல்ல. எனக்கே எண்பத்தாறுதான்.”

“சார், அதுல என்னோடது பதினொண்ணுதான்.”

“தெரியும்.”

பல்கலைக்கழகம் அந்த வருடம் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருந்தது. ஒவ்வொரு ஆய்வாளருக்கும் ஒரு பக்கம் திறந்து, அவர் எழுதிய கட்டுரைகளை எங்கெங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து அதில் அடுக்கும். குடும்பப் பெயரும் முதலெழுத்தும் பொருந்தினால் அதற்குப் போதும். அதன்படி அவள் நத்தைகளைப் பற்றிப் பதினொன்று எழுதியிருந்தாள். மனிதப் பற்களைப் பற்றி அறுபத்தெட்டு. பாலத்துக்குப் போடும் கான்கிரீட்டைப் பற்றித் தொண்ணூற்றிரண்டு. பாலம் கட்டும் ஒப்பந்தங்கள் நீதிமன்றத்தில் போய் நிற்பதைப் பற்றி நாற்பத்துமூன்று. இவற்றில் மூத்த கட்டுரை அவள் பிறப்பதற்கு ஏழு வருடம் முன்பு வெளியாகியிருந்தது.

“வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு விண்ணப்பம் முடியுது,” என்றார் துறைத் தலைவர். “தேர்வுக் குழு இந்தப் பக்கத்தைத்தான் பார்க்கும். நம்பரைப் பார்த்ததும் அசந்து போயிடுவாங்க. அஞ்சு வருஷமா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தத்தை நீட்டச் சொல்லி வாசல்ல நிக்கறே. இந்த நிரந்தர வேலையை விட்டா அடுத்தது எப்போ வருமோ.”

“யாராவது கான்கிரீட் பத்திக் கேட்டா?”

“யாரும் கேட்க மாட்டாங்க. நீ பொய் சொல்ல வேண்டாம்மா. வாயைத் திறக்காம இருந்தா போதும். அது உனக்கு வராததா?”

அவள் மேசையின் விளிம்பைப் பார்த்தாள். அங்கே ஒரு இடத்தில் பிளைவுட் உரிந்திருந்தது.

“பிரிக்கச் சொல்லப் போறேன் சார்,” என்று அந்த விளிம்பிடம் சொன்னாள்.

நூலகத்தின் இரண்டாவது மாடியில், கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் நூலகர் அக்காவிடம் அந்த மென்பொருளின் சாவி இருந்தது. அக்கா திரையைச் சற்று நேரம் உருட்டிவிட்டுச் சிரித்தார்.

“எப்படி ஆச்சுன்னு பாரு. நீ நத்தையோட பல் தேய்மானத்தைப் பத்தித் தனியா ஒரு கட்டுரை எழுதியிருக்கே. உன் பேர்லயே இன்னொருத்தர், பல் டாக்டர், மனுஷப் பல் தேயறதைப் பத்தி எழுதியிருக்கார். அவரே பல்லை அடைக்கிற சிமெண்டைப் பத்தியும் எழுதியிருக்கார். அங்கேர்ந்து கான்கிரீட்காரர். அவர் பாலத்தைக் கூட்டிட்டு வந்தார், பாலம் வக்கீலைக் கூட்டிட்டு வந்துச்சு. முன்பின் பார்க்காத நாலு பேருக்கும் மெஷினே சம்பந்தம் பேசி முடிச்சிடுச்சு.”

“பிரிச்சிடலாமாக்கா?”

“தாராளமா.” அக்கா அமுக்கினார்.

இருநூற்றுப் பதினான்கு மறைந்தது. அந்த இடத்தில் பத்து என்று வந்தது.

அவள் ஒருமுறை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். பல் தேய்மானக் கட்டுரையைக் காணவில்லை. மற்ற பத்தும் நாலைந்து பேராகச் சேர்ந்து எழுதியவை. அவள் ஒருத்தியாக எழுதியது அது ஒன்றுதான். தனியாக எழுதிய கட்டுரை ஒன்றாவது இல்லாதவர்களின் விண்ணப்பத்தைக் குழு திறந்துகூடப் பார்க்காது. அது விதி.

அக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். “பல் டாக்டர்கிட்டப் போயிடுச்சு. போன மாசம் மெஷின் எல்லாருக்கும் ‘இது உங்களுடையதா’ன்னு கேட்டு அனுப்பிச்சே, அவர் ஆமான்னு அமுக்கியிருக்கார். நீ அமுக்கலையா?”

“என்னோடதுதானே, எதுக்கு அமுக்கணும்னு விட்டுட்டேன்.”

“நல்லா விட்டே போ.” அக்கா குரலைத் தாழ்த்தினார். “இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் பழையபடி ஒட்ட வெக்க முடியும். வெச்சிடவா? இருநூத்திப் பதினாலும் திரும்பி வந்துடும். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.”

நாலு வருட வேலை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலையும் கிடைக்கும், கட்டுரையும் கிடைக்கும், கூடவே அத்தனை பாலமும் கிடைக்கும்.

“வேற வழி இல்லையா?”

“அவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் குடுக்கணும். அதுக்கு ஒரு படிவம் இருக்கு.”

“படிவத்தைக் குடுங்கக்கா.”

வீட்டில் ஃபிரிட்ஜ் கதவு முழுவதும் அந்த ஒன்பது பக்கமும் காந்தம் வைத்து ஒட்டப்பட்டிருந்தன. பெரிய பட்டியலைப் பற்றிப் போன வாரம் யாரோ சொல்லி, அப்பா தானே கடைக்குப் போய் அச்சிட்டுக்கொண்டு வந்திருந்தார். அப்பா ஓய்வுபெற்ற நில அளவையாளர். எதையும் கண்ணெதிரே விரித்து வைத்தால்தான் அவருக்கு நிம்மதி.

“பாலத்தைப் பத்தியெல்லாம் எழுதியிருக்கேன்னு என்கிட்டச் சொல்லவே இல்லையேம்மா. மாடி வீட்டுக்காரர் பார்த்துட்டு வாயடைச்சுப் போயிட்டார்.”

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அந்த நாலு பேர்ல மத்தவங்க நமக்கு ஏதாவது சொந்தமா?”

“இல்லப்பா. பேரு மட்டும்தான்.”

அப்பா பட்டியலின் முன்னால் போய் நின்றார். “எத்தனை போகுது?”

“இருநூத்தி மூணு.”

“அது போகட்டும். அதெல்லாம் எனக்குப் போன வாரம் வரைக்கும் தெரியாது. ஆனா அந்தப் பல்லு... நாலு வருஷம் பால்கனியில நாப்பது நத்தைப் பெட்டி. துணி காயப்போட இடம் இல்ல. தினம் கீரை வாங்கப் போயி, கடைக்காரம்மா எனக்கு வேற ஏதும் சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்னு நினைச்சுக்கிட்டாங்க. அதை ஒருத்தர் பட்டனை அமுக்கி எடுத்துப்பாரா? நானும் வரேன்.”

“நானே போறேன்ப்பா.”

தொலைபேசியில் பேசுவதென்றால் அவளுக்குக் கை வியர்க்கும். பேச வேண்டியதை எப்போதும் முதலில் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்வாள். அன்றும் எழுதிக்கொண்டாள். ஆனால் எதிர்முனையில் பேசிய வரவேற்பாளர் அந்தக் காகிதத்தின்படி பேசவில்லை.

“டாக்டர் பேஷண்டுங்ககிட்ட மட்டும்தான் பேசுவார். உங்களுக்கு எந்தப் பல்லு?”

“பல்லு இல்லைங்க. ஒரு கட்டுரை விஷயமா...”

“கட்டுரையெல்லாம் இங்க எடுக்கறதில்லைங்க. பல்லு மட்டும்தான்.”

அவள் காகிதத்தை மடித்து வைத்தாள். “கீழ் வரிசை. இடது பக்கம். கடைசிப் பல்லு.”

“வியாழக்கிழமை பதினொண்ணரைக்கு வாங்க.”

அடுத்த நகரத்துக்குப் பேருந்தில் இரண்டரை மணி நேரம். மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் ஆறு நாற்காலிகளும் ஒரு மீன்தொட்டியும் இருந்தன. உள்ளே சுவரில், டாக்டரின் பட்டத்துக்குப் பக்கத்தில், சட்டம் போட்ட ஒரு பட்டியல் தொங்கியது. அறுபத்தொன்பது தலைப்புகள். கடைசித் தலைப்பு அவளுடையது.

அவள் வாயைத் திறப்பதற்குள் டாக்டர், “வாயைத் திறங்க,” என்றார். முகத்துக்கு நேரே விளக்கு எரிந்தது. கண்ணாடியும் கொக்கியும் உள்ளே போனதும், வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த வாக்கியங்கள் அத்தனையும் ‘ஆ’ என்ற ஒரே எழுத்தாகிவிட்டன.

டாக்டர் கையை எடுத்த கணத்தில் அவள் பையிலிருந்து படிவத்தை எடுத்து அவர் முன் நீட்டினாள். எழுபது வயதுக்காரர். முகமூடியை இறக்கிவிட்டுப் பொறுமையாகப் படித்தார்.

“என் பேரு இருந்துச்சு. பல்லுன்னு இருந்துச்சு. ஆமான்னு அமுக்கினேன். நாப்பது வருஷமா எழுதினதையெல்லாம் ஞாபகம் வெச்சுக்க முடியுமா?”

“தலைப்புலயே நத்தைன்னு இருக்கு டாக்டர்.”

“அதைப் பின்னாடிதான் பார்த்தேன்.” அவர் சுவரைப் பார்த்தார். “பார்த்தும் ஏன் சும்மா இருந்தேன்னு கேட்பீங்க. என்னோட அறுபத்தெட்டையும் சேர்த்துப் படிச்சவங்களை விட இதைப் படிச்சவங்க அதிகம். அதான். சரி, அடுத்த வாரம் வாங்க, பேசிக்கலாம். வெளியில ஆள் காத்திருக்காங்க.”

“நாளைக்கு நாலு மணிக்குக் கடைசி.”

“அடுத்த வாரம் வாங்கம்மா.”

அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கக் கூடாது என்று அவள் திட்டமிட்டு வந்திருக்கவில்லை. இரண்டு கைப்பிடிகளையும் பற்றியிருந்த விரல்கள் தாமாகவே முடிவெடுத்துவிட்டன. வரவேற்பாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மூடிக்கொண்டு போனார்.

“இதை நீங்கதான் எழுதினீங்கன்னு நான் எப்படி நம்பறது?” என்றார் டாக்டர். “உங்க பேரும் என் பேரும் ஒண்ணு. அந்தத் தாள்ல இருக்கிறது அந்தப் பேருதான்.”

“கட்டுரையை எடுங்க. நாலாவது அட்டவணை. ஏழாவது வரியில எண் இருக்காது, கோடு மட்டும் இருக்கும்.”

டாக்டர் கணினியில் தேடி எடுத்தார். கோடுதான் இருந்தது. “ஆமா. ‘அளவு எடுக்க இயலவில்லை’ன்னு கீழே போட்டிருக்கு.”

“அது ஏழாவது பெட்டி. சுண்ணாம்புக் கல்லு போட்டு வளர்த்தது. எங்க அப்பா ஊர்ல இல்லாத ஒரு வாரம் நான் தண்ணி தெளிக்க மறந்துட்டேன். பன்னெண்டு நத்தையும் காய்ஞ்சு போச்சு.” அவள் கைப்பிடிகளை விடவில்லை. “அதே மாதிரி வளர்த்த எட்டாவது பெட்டியோட எண்ணை அங்க எழுதியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எழுதலை. நத்தைக்கு ஆயிரக்கணக்குல பல்லு டாக்டர். முன் வரிசை தேயத் தேயப் பின்னாடியிருந்து புது வரிசை வரும். ஒரு வரிசை நகர்ந்து வர எத்தனை நாளாகுதுன்னு நாலு வருஷம் எண்ணினேன். நீங்க எண்ணலை.”

தன் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவள் இவ்வளவு பேசியதில்லை.

டாக்டர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“தேயத் தேய வருமா? அப்போ நத்தைங்களுக்கு என்னால ஒரு பிரயோஜனமும் இல்ல.” கையெழுத்துப் போட்டுப் படிவத்தை அவள் மடியில் வைத்தார். “எழுந்திரிக்காதீங்க. வாயைத் திறங்க. கடைசிப் பல்லுல நெஜமாவே சொத்தை ஆரம்பிக்குது. பொய்ன்னு நினைச்சுத்தானே சொன்னீங்க?”

பேருந்தில் திரும்பும்போது புதிதாக அடைத்த சிமெண்ட் நாக்கில் தட்டுப்பட்டுக்கொண்டே வந்தது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நூலகர் அக்கா படிவத்தை ஏற்றினார். பத்து, பதினொன்று ஆனது. “இப்பவாவது அமுக்குவியா?” என்று நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். ஒவ்வொரு தலைப்பின் கீழும் ‘இது உங்களுடையதா’ என்று இருந்தது. அவள் ஒவ்வொன்றையும் முழுதாகப் படித்துவிட்டு, ஆம் என்று பதினொரு முறை அமுக்கினாள்.

துறைத் தலைவர் விண்ணப்பத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “பதினொண்ணு.”

“ஆமா சார்.”

“வாயைத் திறக்காம இருன்னு ஒண்ணுதான் சொன்னேன். அதைக்கூட நீ கேட்கலை.”

“பல் டாக்டர் திறக்கச் சொன்னார் சார்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஐந்து வருடத்தில் அவள் ஒரு வேடிக்கை சொல்லிக் கேட்டது அதுதான் முதல் முறை. கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து நேர்முகத் தேர்வு. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் தாளைப் புரட்டினார். “பதினொண்ணுதானா? ஒரு மாசம் முன்னாடி உங்க பக்கத்துல ஏதோ பெரிய நம்பர் பார்த்த ஞாபகம்.”

“அது நாலு பேருங்க,” என்றாள். “இது நான்.”

அவர் தாளை மூடி வைத்தார். “சரி. நத்தைக்குப் பல்லு இருக்கா?”

இருபது நிமிடம் பேசினாள். மேசை விளிம்பை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

நியமன உத்தரவு வந்த அன்று அப்பா அதை ஃபிரிட்ஜில் ஒட்ட இடம் தேடினார். ஒன்பது பக்கமும் இன்னும் அங்கேயே இருந்தன. இருநூற்று மூன்று தலைப்புகளை அப்பா அளவுகோல் வைத்துச் சிவப்பு மையில் அடித்திருந்தார். ஒரு கோடும் கோணவில்லை. மிஞ்சியிருந்த பதினொன்று அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. ஆறாவது பக்கத்தில் பல் தேய்மானத்துக்கு நேரே ஓரத்தில், பொடி எழுத்தில், ‘கீரை: அப்பா’ என்று எழுதியிருந்தார்.

கான்கிரீட் மட்டுமே இருந்த மூன்றாவது பக்கத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் உத்தரவை வைத்தார். காந்தத்தைப் பதிப்பதற்கு முன் ஒரு கணம் தயங்கினார்.

“இதுல இருக்கறது நீதானே? நல்லாப் பார்த்தியா?”

அவள் கிட்டே போய்ப் பெயரையும் துறையையும் பதவியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

“நான்தான்ப்பா. ஒட்டுங்க.”