துரையின் பெயர்

சண்முகவள்ளி தேங்காய் நாரும் சீயக்காயும் போட்டுத் துரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. துரை என்றால் கல். சேவுகம்பட்டிக்கு மேற்கே, அவள் புருஷன் சுருளிவேலின் மல்லிகைத் தோட்டத்து மூலையில், புளியமரத்தடியில் ஆள் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் கருங்கல். அதன் அடியில் வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரி ஒருவர் இருக்கிறார் என்பதற்கு மேல் ஊருக்கு ஒன்றும் தெரியாது. இருநூறு வருஷத்து அழுக்கும் பாசியும் போனபிறகுதான் கல்லில் எழுத்து இருப்பதே தெரிந்தது.

சண்முகவள்ளிக்கு அந்த எழுத்துதான் வேண்டியிருந்தது. மகள் ஜீவிதாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. இரண்டு ஆஸ்பத்திரி, பழனிக்குப் பாதயாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. ஒருநாள் பூ எடுக்கப் போனவள் கல்லுக்கு முன்னால் முந்தானையை விரித்து, "எம் மகளுக்கு ஒரு பிள்ளையக் குடு தொரை, ஒம் பேரையே வைக்கிறேன்" என்று கேட்டுவிட்டாள். துரை கொடுத்துவிட்டார். ஆனால் அவர் பேர் என்னவென்று யாருக்குத் தெரியும்? பதினோரு மாதமாகப் பிள்ளை வெறும் 'குட்டி'யாகவே வளர்ந்தான். பிறப்புச் சான்றிதழில் பெயருக்கான இடம் காலியாகக் கிடந்தது. வருஷம் திரும்புவதற்குள் நிரப்பிவிடச் சொல்லியிருந்தார்கள்.

திண்டுக்கல்லில் ஜீவிதா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலேயே இங்கிலீஷ் எடுக்கும் ஐரின் டீச்சர்தான் வந்து, கல்மேல் குனிந்து படித்துச் சொன்னாள். கேப்டன் எட்மண்ட் ஹேல். சண்முகவள்ளி 'எட்மண்டு, எட்மண்டு' என்று நாலு தடவை வாயில் போட்டுப் பார்த்தாள். "ஸ்டைலாத்தாம்மா இருக்கு" என்றான் அவள் மகன் பிரபு, பிள்ளையின் தாய்மாமன். அடுத்த ஞாயிறே மொட்டை, காதுகுத்து, பெயர் எல்லாம் கல்லடியில் என்று நாள் குறித்தார்கள்.

சுருளிவேலுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அவருடைய அப்பா அய்யனார் இருந்தவரை துரைக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஆடிக் கடைசியில், ஒரு பாட்டில் சாராயமும் ஒரு சுருட்டும் போகும். சாராயத்தைக் கல்லின் கால்மாட்டில் ஊற்றுவார். சுருட்டைப் பற்றவைத்து வைப்பார். கும்பிடமாட்டார். முதுகைக் காட்டி நடந்து வந்துவிடுவார். கண்ணை மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு மகனைக் கூப்பிட்டு மூன்றே மூன்று சொன்னார். "பேரச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பிள்ளைகளக் கொண்டு போகக் கூடாது. வரும்போது திரும்பிப் பாக்கக் கூடாது." ஏன் என்று சுருளிவேலும் கேட்கவில்லை. அய்யனாருக்கும் அவர் அப்பன் சொன்னதுதான்.

படித்த பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொன்னால் சிரிப்பார்கள் என்று சுருளிவேல் வாயைத் திறக்காமலே இருந்துவிட்டார். பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்ட இடத்தில் அவள் விளக்கேற்றினாள், மஞ்சள் பூசினாள், பூப்போட்டாள். பேரன் பிறந்த பிறகு பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் தொட்டில் கட்ட ஆள் வந்தது. ஊமையாக இருந்தே ஒரு சாமியை உண்டாக்கிவிட்டோம் என்று அவருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஞாயிறு காலை ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்கிய ஐரின், பந்தலுக்குப் போகாமல் நேரே மோட்டார் ரூமுக்கு வந்தாள். சுருளிவேல் அங்கேதான் ஒளிந்த மாதிரி நின்றிருந்தார். அவள் கையில் இரண்டு தாள்கள் இருந்தன.

"அப்பா, அந்தக் கேப்டனோட பட்டாளத்துப் பழைய புத்தகம் ஒண்ணு நெட்டுல இருந்துச்சு. அவரப் பத்தி ரெண்டு பக்கம். ஜீவிதாகிட்ட காட்ட எனக்கு மனசு வரல."

"படி தாயி."

அவள் மெல்லிய குரலில் தமிழாக்கிச் சொன்னாள். பாதிரியார் வீட்டு மகன். பதினாறு வயதில் பட்டாளம். ஏதோ குளிர்தேசத்துச் சண்டையில் இடது காது பாதி போனது. பிறகு கப்பலேறி மதராஸ். ஒன்பது வருஷம் பதவி உயர்வே இல்லை, அந்தப் புழுக்கத்தைத் தங்கைக்கு எழுதி எழுதித் தீர்த்திருக்கிறார். கடைசியில் திண்டுக்கல் மலைக்கோட்டை. பாளையக்காரர் சண்டைக் காலம். இந்தப் பக்கத்துக் காட்டில் ஒளிந்திருந்த ஆட்களைப் பிடித்துவர அவரை அனுப்பினார்கள். ஊர் காட்டிக்கொடுக்கவில்லை. வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளையாகப் பதினோரு பிள்ளைகளை, இடுப்புக் குழந்தை உட்பட, இழுத்துவந்து புளியமரத்தடியில் உட்காரவைத்தார். ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழைத்துப் போனார். மூன்றாம் நாள் ஊர் ஆட்களைக் காட்டிக்கொடுத்தது. போன பிள்ளைகள் வரவில்லை. அந்த வருஷமே அவர் கேப்டன். 'கண்டிப்பும் நிதானமும் உள்ளவர்' என்று எழுதியிருக்கிறது. மறுவருஷம் அதே இடத்தில், கூடாரத்தில் காய்ச்சல் கண்டு செத்தார்.

"கடைசில ஒண்ணு எழுதிருக்குப்பா. ஊர் ஜனங்களே பதினெட்டு மாடு கட்டி மலையடிவாரத்துலருந்து கல்ல இழுத்துட்டு வந்து மூடுனாங்களாம். அவர் மேல அவ்வளவு பிரியமாம்."

சுருளிவேல் துண்டை உதறித் தோளில் போட்டார். "பிரியத்துக்கு யாரும்மா இம்புட்டுப் பெரிய கல்ல வைப்பா?"

பந்தலுக்கு அவர் ஓட்டமும் நடையுமாகப் போனார். அதற்குள் மொட்டை முடிந்திருந்தது. பிரபு மடியில் பிள்ளை, தலையெல்லாம் சந்தனத்தோடு, காது குத்திய வலியில் வீறிட்டுக்கொண்டிருந்தான். சுருளிவேல் பெண்டாட்டியைத் தனியே இழுத்தார்.

"வள்ளி, பேர மட்டும் வேற வைப்போம். வேணாம்டி இது. அந்தாளு பிள்ளைகளக் கொன்னவன்."

அவள் கண்ணிலும் பயம் வந்தது. ஆனால் அவள் பயம் வேறு.

"வாக்குக் குடுத்துத்தான பிள்ளைய வாங்கிருக்கேன்? இல்லேன்னா சும்மா விடுவாரா? திரும்ப எடுத்துக்கிட்டா நீங்க குடுப்பீகளா?"

வைத்தாலும் கேடு, வைக்காவிட்டாலும் கேடு என்று ஆகிப்போயிற்று. முப்பது வருஷத்துக்கு முன்னால், அப்பா சொன்னபோதே, இவளிடம் சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். அதற்குள் பிரபு குனிந்து பிள்ளையின் காதில் கூப்பிட்டான். எட்மண்ட். எட்மண்ட். மூன்றாவது தடவையில் அழுகை சட்டென்று நின்றது. "பாத்தியா, தம்பேரு தெரியுது அவனுக்கு!" என்று எல்லாரும் சிரித்தார்கள்.

சாப்பாடு வீட்டில். கிளம்பும்போது சுருளிவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "யாரும் திரும்பிப் பாக்காம நடங்கப்பா" என்றார். சிரித்தாலும் பெரியவர் பேச்சுக்கு எல்லாரும் கட்டுப்பட்டார்கள். வரப்பு ஒற்றையடி. ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டுச் சுருளிவேல் கடைசியாக வந்தார். தன் முதுகுக்குப் பின்னால் மல்லிகைச் செடியும் கல்லும் தவிர ஒன்றும் இல்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

அவருக்கு முன்னால் ஜீவிதா போய்க்கொண்டிருந்தாள். அவள் தோளில் சாய்ந்திருந்த பிள்ளையின் முகம் பின்பக்கம் பார்த்தபடி இருந்தது. தோளில் போட்ட பிள்ளை வேறு எப்படிப் பார்க்கும்? இது ஏன் நமக்குத் தோன்றாமல் போயிற்று என்று சுருளிவேல் எட்டு வைத்து நெருங்கினார்.

"குட்டி, தாத்தாவப் பாரு. இங்க பாருய்யா."

பிள்ளை அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாக, ஒரு ஆள் உயரத்தில் எதையோ பார்த்து, இரண்டு பல் தெரியச் சிரித்தான். சுருட்டு வாடை வந்தது. இந்த வாரம்தான் கற்றுக்கொண்டிருந்த வித்தையாகச் சின்னக் கையைத் தூக்கி, விரல்களை மடக்கி மடக்கி, வா, வா என்று கூப்பிட்டான்.