பொம்மை வரியில் மாட்டிய ஆறு குழந்தைகள்

சுங்க அலுவலகத்துக்குள் நுழையும்போதே செவிலியர் பள்ளி ஆசிரியைக்கு மூக்குக்கு மேல் கோபம். பிரசவம் பார்க்கச் சொல்லிக்கொடுப்பதற்காக வரவழைத்த ஆறு மாதிரிக் குழந்தைகள் கிடங்கில் முடங்கிக் கிடந்தன. திங்கட்கிழமை வகுப்பு.

"பயிற்சிச் சாதனத்துக்கு இறக்குமதி வரியே கிடையாதுங்க. விளையாட்டுப் பொம்மைக்குப் போடுற வரியை எங்க தலையில ஏன் கட்டுறீங்க?"

அதிகாரி நிமிரவேயில்லை. "ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு வகைப்பாட்டு எண் இருக்கு மேடம். இது பொம்மை வகை."

சோதனைக்காக மேசைமேல் வைத்திருந்த ஒன்றை அவள் வெடுக்கென்று தூக்கினாள். தொப்புள்கொடியும் நஞ்சுக்கொடியும் தொங்கி ஆடின.

"இதை உங்க வீட்டுப் பிள்ளைக்கு விளையாடக் குடுப்பீங்களா சார்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி டீயை நகர்த்தி வைத்துவிட்டு இறக்குமதிப் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். 'பிளாஸ்டிக் பொம்மை, ஆறு' என்றிருந்தது. கீழே, சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட்டின் கையெழுத்து. அந்த ஏஜென்ட் வேறு யாருமில்லை, அவள் அக்கா புருஷன்தான். 'சுங்கமா, என்கிட்ட விடு' என்று மார்தட்டியவர், இப்போது அவளுக்குப் பின்னால் நின்று கூரை விட்டத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

"அத்தான்!"

"சுருக்கமா எழுதினா சீக்கிரம் வேலை முடியும்னுதான் பாப்பா..."

"உங்க விசிட்டிங் கார்டுல பேருக்குப் பின்னால நாலு பட்டம் போட்டீங்களே, அங்க சுருக்க வேண்டியதுதானே!"

அதிகாரி திருத்தப் படிவத்தை நீட்டினார். அவள் சொல்லச் சொல்ல, அத்தான் நஞ்சுக்கொடி உட்பட ஒவ்வோர் உறுப்பாக எழுதினார். வகைப்பாட்டு எண் மாறியது, வரி நீங்கியது. ஆறு பெட்டிகளையும் அத்தானையே சுமக்கவைத்து முன்னால் நடந்தாள் ஆசிரியை. வாசல் தாண்டியும் வசவு ஓயவில்லை.