உரிக்காத பிளாஸ்டிக்

என் அண்ணன் அபுபக்கர் அன்று காலை உயிரோடு தப்பித்ததற்கு ஒரே காரணம், அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு துணித்திரை தொங்கியதுதான். என் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

ராஜபாளையத்தில் எங்கள் கம்ப்யூட்டர் கடை. முன்பக்கம் கண்ணாடிக் கவுண்டரில் அண்ணன் உட்கார்ந்திருப்பார். திரைக்குப் பின்னால் என் மேசை. பதினோரு வருடமாக அந்தக் கடையிலிருந்து வெளியே போன ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் பாகம் பாகமாக மாட்டிக் கொடுத்தது நான், சப்ரீன். அண்ணன் பேசுவார், நான் மாட்டுவேன். வாங்கிப் போகிறவர்கள், "பாய் கை பட்டா மெஷின் படுக்காது" என்று அவரைப் புகழ்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். "என் தங்கச்சி மாட்டினது" என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கணவன் வேண்டாமென்று வந்தவளுக்கு உட்கார ஒரு மேசை கொடுத்தாரே என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்று சொன்னார். திரைக்கு அந்தப் பக்கம், போனில்.

"கோவிச்சுக்காதீங்க கிளாட்வின் தம்பி. அது என் தங்கச்சி மாட்டுனது. பொம்பளப்பிள்ள கை, ஸ்க்ரூவ சரியா முடுக்கிருக்க மாட்டா. இனிமே இப்படி நடக்காது. விஜயபாண்டின்னு ஒரு பையன வேலைக்குப் போட்டாச்சு, திங்கக்கிழமையிலருந்து வாரான்."

பதினோரு வருடத்தில் வெளியாள் காதில் என்னைப் பற்றி விழுந்த முதல் வார்த்தை அது. திரையை விலக்கிக்கொண்டு போய் நின்றேன்.

"யாரு வாரா?"

"ஏட்டி, கத்தாத. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டூடியோக்காரர் மெஷின் ஆறு நிமிஷத்துல அணைஞ்சு போவுதாம். கல்யாண வீடியோ ஓட்ட முடியலயாம். ஒனக்கும் வயசாவுது. இனிமே நீ முன்னால உக்காந்து பில்லு போடு, பொறவு மேசைய விஜயபாண்டி பாத்துக்கிடட்டும்."

"என் வேலையில தப்புன்னு பாக்காமயே எப்படிச் சொன்னீங்க?"

"வேற யாரு மாட்டுனது?"

வேறு யார் மாட்டியது? நான்தான். பையில் ஸ்க்ரூ டிரைவர், பேஸ்ட் குழாய், ஸ்பிரிட், துடைக்க நம்மூர் மில்லு பேண்டேஜ் துணி எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். "போவாத, எனக்குத்தான் அசிங்கம்" என்று பின்னாலிருந்து அண்ணன் கத்தியது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த மெஷினை மனதுக்குள் மறுபடி ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். ப்ராசஸரின் தலைமேல் உட்காருகிற கூலர்தான் அதன் சூட்டை இழுத்து வெளியே தள்ளுவது. அது சரியாக உட்காராவிட்டால் மெஷின் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் சூடு கடத்துகிற பேஸ்டைப் பட்டாணி அளவு வைத்தேன். நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தேனா? உரித்தேன். அதில் எனக்குச் சந்தேகமே வராது. முதல் வருடம் எங்கள் வீட்டு மெஷினில் அதை உரிக்க மறந்து இரண்டு நாள் முழித்திருக்கிறேன். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து உரித்த தாளில் தேதி எழுதி, கேபினெட்டின் பின்மூடிக்கு உள்பக்கம் ஒட்டாமல் மூட மாட்டேன்.

அப்படியும் வழியில் வன்னியம்பட்டி வந்தபோது நான்கு ஸ்க்ரூவையும் மறுபடி மனதுக்குள் எண்ணினேன். ஒருவேளை என் தப்பாகவே இருந்தால், திங்கட்கிழமை அந்த மேசையை நானே துடைத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

கிளாட்வினின் ஸ்டூடியோ சர்ச்சுக்குப் பின்னால், வீட்டின் முன் அறை. அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"பாய் வரலியா?" என்றான்.

"நான்தான் மாட்டுனது. நான் வந்தா போதாதா?"

அவன் அம்மா கிருபாபாய் என்னை சோபாவில் உட்காரச் சொன்னார். கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை அதில் அப்படியே இருந்தது. உட்கார்ந்ததும் படபடவென்று சத்தம் போட்டது. இது இவர்கள் வீட்டில் மட்டுமா? எங்கள் அண்ணன் பைக் சீட்டில் மூன்று வருடமாகக் கடை உறை. டிவி ரிமோட்டுக்கு உறை. ஃபிரிட்ஜ் கதவில் நீலத்தாள், ஓரமெல்லாம் சுருண்டு அழுக்கேறியும் உரிக்க விடமாட்டார். புதுசு புதுசாகவே இருக்க வேண்டுமாம்.

மெஷின் பக்கம் திரும்பியதும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே போனேன். கண்ணாடி வழியாக உள்ளே சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. நான் மாட்டிய கூலர் கறுப்பு. அதில் ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது.

"தம்பி, இது ஏது?"

"இதா? பாய் மெஷினக் கொண்டு வந்த அன்னிக்கு, மதுரை ஸ்டூடியோல எல்லாம் லைட்டு எரியுது, நமக்கு இல்லியான்னு கேட்டேன். வண்டியிலதான் ஒன்னு இருக்கு, ஒரு நிமிஷ வேலைன்னு அவரே மாத்திட்டுப் போனாரு. ஏங்க்கா?"

ஏனா? பின்மூடியைக் கழற்றினேன். உள்பக்கத்தில் நான் உரித்த தாள், நான் எழுதிய தேதியோடு, ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. பிறகு முன்கண்ணாடியை எடுத்துவிட்டு, அந்த விளக்குக் கூலரின் நான்கு ஸ்க்ரூவையும் தளர்த்தித் தூக்கினேன்.

அடியில் பிளாஸ்டிக் தாள். சூட்டில் சுருங்கி, பேஸ்டில் குளித்து, 'மாட்டுமுன் அகற்றவும்' என்று இங்கிலீஷில் சிவப்பெழுத்து பளிச்சென்று தெரிய இருந்தது.

கையெல்லாம் பேஸ்ட். போனை மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"கூலர நீங்க மாத்துனீங்களா?"

"ஆமா, அவரு கேட்டாரு, மாத்துனேன். அதுக்கென்ன?"

"அடியில பிளாஸ்டிக்க உரிச்சீங்களா?"

"அது எதுக்கு உரிக்கணும்? பளபளன்னு செம்பு, கீறல் விழாம புதுசாவே இருக்கட்டும்னு விட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. "அதனாலதான் அணையுது. நீங்க கை வச்சது தெரிஞ்சேதான் காலையில என் தலையில கட்டுனீங்களா?"

"ஏட்டி, மெதுவாப் பேசு. பக்கத்துல அவரு இருக்காரா? இந்தா பாரு, ஸ்க்ரூ லூசா இருந்துச்சு, முடுக்கிட்டேன்னு சொல்லிட்டு வந்துரு. நான் மாட்டத் தெரியாம மாட்டுனேன்னு தெரிஞ்சா பொறவு கடைக்கு எவன் வருவான்? ஒன்னியச் சொன்னா என்ன கொறஞ்சு போச்சு? ஒனக்கென்ன கடையில பேரா இருக்கு?"

நான் திருப்பிப் பேச வாயெடுக்கும் முன் கிளாட்வின் குனிந்தான். "பாய், நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

போன் கட்டானது.

அண்ணன் மாட்டிக்கொண்டதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. கோபம் இன்னும் ஏறியது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி. அந்தப் பேர் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் வெளியே புகழ்ச்சி கேட்கும்போது, திரைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அங்கேதான் போனது. அவர் எடுத்தார். நான் கொடுத்தேன்.

ஸ்பிரிட்டில் பேண்டேஜ் துணியை நனைத்து ப்ராசஸரைத் துடைத்தேன். தாளை உரித்து, புதுப் பேஸ்ட் வைத்து, கூலரை நேராக இறக்கி, மூலைக்கு மூலை முடுக்கினேன். கிளாட்வின், சுந்தரபாண்டியத்தில் எடுத்த கல்யாண வீடியோவை ஓட விட்டான். ஆறு நிமிடம். பத்து. இருபது. மாப்பிள்ளை மோதிரம் போட்டு, கேக் வெட்டி, சாப்பாட்டுப் பந்தியும் முடிந்தது. மானிட்டர் ஓரத்தில் சூடு அறுபத்தைந்து டிகிரியைத் தாண்டவில்லை.

"அப்ப இம்புட்டு வருஷமா பாய் மாட்டுனதுன்னு நாங்க நெனச்சதெல்லாம்?" என்று கேட்டான்.

"எல்லாம் நான் மாட்டுனது. நீங்க நாலு வருஷம் முன்னால வாங்குன பழசும்தான்."

டீயோடு நின்றுகொண்டிருந்த கிருபாபாய் என்னை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார்.

போன் அடித்தது. அண்ணன். இந்தத் தடவை ஸ்பீக்கரில் போடவில்லை.

"என் மானத்த வாங்கிட்டல்ல? திங்கக்கிழம விஜயபாண்டி வருதான். மேசைய காலி பண்ணி வையி."

"வரட்டும்ணே. வந்து முன்னால பில்லு போடட்டும். மேசை என்னது. நடுவுல தொங்குத துணிய மட்டும் இன்னிக்கு வந்து அவுத்துருதேன்."

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் வைத்துவிட்டேன்.

பிறகு பின்மூடியில் இருந்த என் தாளைப் பிய்த்து எடுத்தேன். அண்ணன் விட்டுவைத்த தாளையும் துடைத்துக் காயவைத்தேன். என் தாளில் தேதிக்குக் கீழே 'சப்ரீன்' என்று எழுதினேன். பதினோரு வருடத்தில் தேதி மட்டும்தான் எழுதியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மற்றதில் 'அபுபக்கர்' என்று எழுதினேன். இரண்டையும் பின்மூடியில் ஒட்டவில்லை. முன்கண்ணாடியில், விளக்கு வெளிச்சம் படுகிற இடத்தில், பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன்.

"இத உரிக்கணுமாக்கா?" என்று கேட்டான் கிளாட்வின்.

"வேண்டாம் தம்பி. இது இருக்கட்டும்" என்றேன்.